பாய்காட்: சொல்லில் இல்லாத பெண்கள்

'பாய்காட் செய்வோம்' என்று சொல்லும்போது நாம் ஒரு மனிதரின் பெயரைத்தான் சொல்கிறோம். அவர் எதிர்த்துப் போராடியவர் அல்ல, எதிர்க்கப்பட்டவர். சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்த முகவர்.

1879இல் விளைச்சல் பொய்த்தது. மறுவருடம் குடியானவர்கள் குத்தகையைக் குறைக்கக் கேட்டார்கள். கேட்ட அளவு குறையவில்லை. 1880 செப்டம்பர் 22 அன்று, வெளியேற்ற நோட்டீசுகளுடன் நீதிமன்றச் சேவகர் ஊருக்குள் வந்தார். அவரை மறித்தவர்கள் பெண்கள். கல்லும் சேறும் சாணமும் வீசி விரட்டினார்கள். நோட்டீஸ் வீட்டு வாசலைத்தானே தேடி வருகிறது! அடுத்து வேலையாட்கள் விலகினார்கள். பாய்காட்டின் துணி துவைக்க ஆளில்லை, அறுவடைக்கும் ஆளில்லை. சுமார் 500 பவுண்டு விளைச்சலை வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுக்க, ஆயிரம் படைவீரர்களைக் காவல் வைத்து அரசு சுமார் 10,000 பவுண்டு செலவழித்தது.

இந்தச் செயலுக்குப் பெயர் தேடியவர்கள் ஊர்ப் பாதிரியார் ஜான் ஓமாலியும் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத்தும். 'விலக்கிவைத்தல்' என்பதற்கான படித்தவர்களின் சொல் குடியானவர்களுக்குப் புரியாதென்று முகவரின் பெயரையே வினைச்சொல் ஆக்கினார்கள்.

1881 ஜனவரியில் ஆன்னா பார்னெல் தலைமையில் பெண்கள் நிலச் சங்கம் தொடங்கியது. அக்டோபரில் ஆண் தலைவர்கள் சிறைப்பட்டபின் போராட்டத்தைத் தாங்கியது இச்சங்கம்தான். வெளியேற்றப்பட்டவர்களுக்குக் குடிசை போட்டது, கைதிகளின் குடும்பங்களுக்குப் பணம் சேர்த்தது. ஆண்கள் அரசியல் சந்தேக நபர்களாக அடைக்கப்பட்டார்கள். பெண்களுக்கோ நன்னடத்தைப் பிணை கேட்கும் 14ஆம் நூற்றாண்டுச் சட்டம்! அவர்கள் செய்தது அரசியல் என்று ஒப்புக்கொள்ளக்கூட அரசுக்கு மனமில்லை.

சொந்த இயக்கமும் வேறாக நடக்கவில்லை. வெளியே வந்த தலைவர், ஆன்னாவின் அண்ணன் சார்லஸ் பார்னெல், சங்கத்தைக் கலைத்தால்தான் அதன் கடன் அடைபடும் என்றார். 1882 ஆகஸ்டில் அது கலைந்தது.

அகராதியில் இச்சொல்லின் பிறப்பைத் தேடினால் பாய்காட் கிடைப்பார். சில நூல்களில் பாதிரியாரும் பத்திரிகையாளரும்கூடக் கிடைப்பார்கள். சாணம் அள்ளிய கைகளைச் சொல்லுக்குள் தேடிப் பயனில்லை. அந்தச் செப்டம்பர் நாளின் தெருவில்தான் அவை கிடைக்கும்.