மர ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த கிண்ணம்

பழைய மெர்சிடிஸ் 280 எஸ்எல் வச்சிருக்கறவங்க பலருக்கு முதல்ல கை போறது ஸ்டீயரிங் வீல் மேலதான். ஒரிஜினல் வீல் பெருசு, பிளாஸ்டிக், நடுவுல குண்டா ஒரு பேட். பக்கத்துல நார்டியோட மர வீலை வச்சுப் பார்த்தா யாருக்குத்தான் மனசு மாறாது? என்ரிகோ நார்டி, 1940-ல என்ஸோ ஃபெராரி தன் பேரைப் போடாமலே கட்டின 815 காருக்கு வேலை பார்த்தவர்.

மாத்தறது பெரிய வேலையில்ல. சக்கரத்தை நேரா நிறுத்தி, பேட்டரி வயரைக் கழட்டி, நடு நட்டை எடுத்து, பழைய வீலை உருவணும். தண்டோட பல்லுக்குப் பொருந்தற 'பாஸ்' ஒண்ணு, அது மேல ஆறு போல்ட். நார்டிக்கு போல்ட் வட்டம் 74 மில்லிமீட்டர், மோமோவுக்கு 70. மாத்தி வாங்கிட்டா உட்காராது.

ஆனா அந்த வீல் சும்மா குண்டா இல்ல. அதுக்கு முன்னாடியெல்லாம் நேருக்கு நேர் மோதினா ஸ்டீயரிங் தண்டு ஈட்டி மாதிரி ஓட்டறவர் நெஞ்சுக்கு வரும். மெர்சிடிஸ்ல பேலா பாரெனி இதுக்காகவே பல வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டார். 1967-ல சுருங்கற தண்டும், வீலுக்கு அடியில நசுங்கிக் குடுக்கற ஒரு கிண்ணமும் வந்துச்சு. அமெரிக்காவுல 1968 ஜனவரி 1-லேர்ந்து, இடியை உள்வாங்கற ஸ்டீயரிங் சட்டப்படி கட்டாயம்.

பழைய வீலை உருவும்போது அந்தக் கிண்ணமும் கூடவே போயிடுது. எதுக்குன்னே தெரியாத கோடை நாம டெலீட் பண்ணுவோமே, அதே கதை. 1965 மாடல் 230 எஸ்எல்னா பரவால்ல, அதுல கிண்ணமே கிடையாது. 280-ன்னா, சுருங்கற தண்டு மட்டும்தான் மிச்சம். கழட்டினதை யாருக்கும் வித்துடாதீங்க.