விதைக்கிற மாசத்துல வந்த போர்

இந்த எபிசோட் வாலாஜாபேட்டையைப் பத்தி ஆரம்பிக்குது. இந்த ஊர்ப் பேரே ஒரு வாரிசுச் சண்டையில் ஜெயிச்சவரோட பேர்தான். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்காக முகமது அலி வாலாஜாவும் சந்தா சாகிப்பும் மோதினாங்க. ஒருத்தருக்கு ஆங்கிலேயர் துணை, இன்னொருத்தருக்கு பிரெஞ்சுக்காரர் துணை. 1751-ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையில் சுமார் 50 நாள் முற்றுகையைத் தாங்கின கதை நமக்குத் தெரியும். அந்த வருஷம் பாலாற்றங்கரையில் நெல் போட்ட குடும்பங்களோட கதை நமக்குத் தெரியாது.

வேற ஒரு போரோட விவசாயக் கதையைச் சொல்லக்கூடியவங்க இன்னைக்கும் நம்ம பக்கத்துல இருக்காங்க. வேலூர் அருகே மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. தமிழ்நாடு முழுக்க இப்படி 100-க்கும் மேல. 1983-லிருந்து அலை அலையா வந்தவங்க. அவங்கள்ல வயல் செஞ்சு வாழ்ந்தவங்களும் உண்டு.

அவங்க ஊரில் 'குளம்'னா நம்ம ஊர் ஏரி. கிளிநொச்சிக்கு இரணைமடுக் குளம், நமக்குக் காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி. வடகிழக்கு மழையை நம்பி விதைக்கிறது காலபோகம்; குளத்துத் தண்ணியை நம்பி விதைக்கிறது சிறுபோகம்.

1990-க்குப் பிறகு புலிகள் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. அதில் விவசாயி கழுத்தை நெரிச்சது இரண்டு விஷயம். ஒண்ணு, யூரியா. வெடிமருந்து செய்யலாம்னு சொல்லித் தடுத்தாங்க. இன்னொண்ணு, எரிபொருள். அது இல்லாம டிராக்டரும் ஓடாது, இறவை மோட்டாரும் ஓடாது. ராத்திரி வெளிச்சத்துக்கு ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும். செய்தி கேக்க சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ. அப்படியும் விதைச்சாங்க. விதைநெல்லைச் சமைச்சிட்டா அடுத்த வருஷம் ஒண்ணும் இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும்.

2008 கடைசியில் அதுவும் முடியல. காலபோகம் விதைக்க வேண்டிய மாசங்களில் சனம் டிராக்டர்ல கூரைத் தகரம், நெல் மூட்டை, பிள்ளைகளை ஏத்திக்கிட்டு கிழக்கே நகர்ந்தது. 2009 ஜனவரி 2-ல் கிளிநொச்சியை ராணுவம் பிடிச்சது. காலபோகம் அறுவடைக்கு நெருங்குற நேரம் அது. மே மாசம் முள்ளிவாய்க்காலில் போர் முடிஞ்சப்போ, உயிர் பிழைச்சவங்க கையில் விதைநெல்கூட இல்லை.

இங்க வந்தவங்களுக்கு வேற இழப்பு. குடியுரிமை இல்லாததால சொந்தமா நிலம் வாங்க வழியில்லை. அதனால பலருக்கும் பெயின்ட் வேலை, கட்டட வேலை. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் காலபோகம்ங்கிறது தாத்தா பாட்டி சொல்ற ஒரு சொல் மட்டும்தான்.

போரோட தேதிகளை அரசாங்கங்கள் எழுதி வச்சிடும். எந்த மழைக்கு எந்த நெல், எதை விட்டுட்டு எதைத் தூக்கிட்டு ஓடினாங்கங்கிறதை யாராவது உக்காந்து கேட்டாத்தான் மிஞ்சும். 1751-ல் யாரும் கேக்கல. இப்ப சொல்ல ஆள் இருக்காங்க, நம்ம கையில் போனும் இருக்கு. அவங்களுக்குச் சம்மதம்னா, போய்க் கேளுங்க.