எற்பாடு

"எற்பாடு" என்று எழுதினால் அச்சுப்பிழையெனக் கருதி "ஏற்பாடு" என்று திருத்திவிடுவோர் உண்டு. பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் வாசித்துப் பழகிய கண்களுக்கு அது இயல்பே. ஓலைச்சுவடிகளில் இவ்விரு சொற்களும் பெரும்பாலும் ஒரே வடிவில்தான் இருந்தன. எகரத்தின்மேல் புள்ளியிட்டால் குறில், இடாவிட்டால் நெடில் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. ஏடெழுதுவோரோ புள்ளியை விட்டுவிடுவர். இவ்விடர்ப்பாட்டை நீக்கி, இன்று நாம் எழுதும் எ, ஏ வேறுபாட்டைத் தந்தவர், 1680-இல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவரே.

சொல்லின் பிறப்பு எளியது. எல் என்பது ஞாயிறு, ஒளி. பாடு என்பது படுதல், அதாவது தாழ்ந்து விழுதல். கல்லும் பாறையும் கற்பாறை ஆனாற்போல, எல்லும் பாடும் எற்பாடு ஆயின. எபிரேயர் இறைவனைச் சுட்டும் ஏல் என்னும் சொல்லோடு நம் எல்லுக்கு முடிச்சுப் போட மனம் விழையலாம். ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வைக்கிறது. வழக்கு இங்கேதான் எழுகிறது. படுதலுக்குத் தோன்றுதல் என்னும் பொருளும் உண்டு. எனவே எற்பாடு காலையே என்று கொண்டவரும் உளர். சோழநாட்டுக் கரையில் நிற்பவனுக்குக் கதிரவன் கடலினின்று எழுவான். கடலில் விழுவதைக் காணச் சேரநாட்டுக் கரைக்கன்றோ செல்ல வேண்டும்! ஆயினும் பெரும்பாலோர் சாய்தல் என்றே கொண்டனர். பள்ளி நூல்களும் பிற்பகல் 2 மணி முதல் 6 மணி வரை என்கின்றன. நமக்கும் அதுவே சரியெனத் தோன்றுகிறது. படுஞாயிறு என்றால் மறையும் ஞாயிறுதானே? யாழ்ப்பாணத்தார் பேச்சில் "பொழுதுபட" என்றால் மாலையாகும் வேளை.

எற்பாடும் மாலையும் ஒன்றல்ல என்பதைக் கலசப்பாக்கத்தில் கடலின்றியே காணலாம். செய்யாற்றங்கரையில் நின்று மேற்கே நோக்கினால் சவ்வாது மலைத்தொடர். கதிரவன் அம்முகட்டின்பின் இறங்கிய பின்னும் வானில் வெளிச்சம் நிற்கிறது. எல் பட்டது, இருள் வரவில்லை. மாலை அதற்குப் பின்னர்தான் முழுமையாகக் கவிகிறது.

நாம் வழங்கும் அத்தமனம் என்னும் சொல்லுக்கு வேறொரு பார்வை உண்டு. வடமொழியின் பழைய வழக்கில் "அஸ்தம்" என்றால் வீடு. அங்கே ஞாயிறு வீடு திரும்புகிறது. தமிழில் அது விழுகிறது. விழுதலைக் குறித்த பாடு என்னும் சொல்லே துன்பத்தையும் குறித்தது. திருப்பாடுகள் என்று நாம் தவக்காலத்தில் தியானிப்பதிலும் அச்சொல்லே உள்ளது. பெரிய வெள்ளியன்று நாம் ஆலயத்தில் கூடும் 3 மணி, தமிழர் பொழுதுக் கணக்கில் எற்பாடு.