பிரேம்சந்த்: ஊதியமும் மூலபாடமும்

பிரேம்சந்த் உருதுவிலிருந்து இந்திக்கு மாறியதை நாட்டுணர்வின் விளைவாகவே விளக்குவது வழக்கம். பதிப்பு வரலாறு மற்றொரு காரணத்தையும் காட்டுகிறது. 'பாஸாரே ஹுஸ்ன்' நாவலை அவர் முதலில் எழுதியது உருதுவிலேயே. ஆயினும் அதற்கு உருதுப் பதிப்பாளர் உடனே வாய்க்கவில்லை. அவரே அமைத்த இந்தி வடிவம் 'சேவாசதன்' என்னும் பெயரில் 1919ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. கல்கத்தாப் பதிப்பாளர் அதற்கு அளித்த தொகை 450 ரூபாய். உருதுப் பாடம் லாகூரில் அச்சேறியது 1924இல். கிடைத்தது 250 ரூபாய். முதலில் எழுதப்பெற்றது பின்னரும், பின்னர் எழுதப்பெற்றது முன்னரும் நூலாயின. எனவே, எப்பாடத்தைத் தழுவினோம் என்பதைக் கூறாத மொழிபெயர்ப்புகள் ஆய்வுக்குப் போதிய துணை செய்வதில்லை.

'ரங்கபூமி' (1925) வரையிலும் முதல் வரைவு உருதுவாகவே இருந்தது. 'காயாகல்ப்' (1926) நாவலையே அவர் தொடக்கத்திலிருந்து இந்தியில் எழுதினார். வாசகரும் வருவாயும் இந்தியில் பெருகிய பின்னரும் புனைவின் முதல்மொழி மாறப் பல ஆண்டுகள் தேவைப்பட்டமை மொழியியலார் கருதத்தக்கது.

1921இல் அரசுப் பணியைத் துறந்தபின் நிலையான சம்பளம் இல்லை. 1923இல் காசியில் தொடங்கிய சரஸ்வதி அச்சகம் இழப்பையே தந்தது. 1930இல் தோன்றிய 'ஹன்ஸ்' இதழும் பொருள் ஈட்டவில்லை. கடன் தீர்க்கும் பொருட்டு 1934இல் ஆண்டுக்கு 8000 ரூபாய் ஊதியத்தில் பம்பாய்த் திரைப்பட நிறுவனமொன்றில் கதை எழுதச் சேர்ந்தார். அப்பணி அவருக்கு ஒவ்வவில்லை. 1935இல் காசிக்கே திரும்பினார்.