பட்டாவில் இல்லாத முன்னோர்: பாகாலா வட்டாரத்தில் ஒரு தேடல்

பாகாலாவில் வேர்கொண்ட ஓர் உழவர் குடும்பம், ஓர் அடிகூட இடம்பெயராமலே பலமுறை முகவரி மாறியிருக்கிறது. 1911 வரை அது வட ஆர்க்காடு மாவட்டம். அதன்பின் சித்தூர் மாவட்டம். 1953இல் ஆந்திர மாநிலம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். ஆகவே முன்னோரின் நில வரலாற்றைத் தேடுபவர் இன்றைய எல்லைகளை மறந்துவிட்டு, அந்தந்தக் காலத்து நிர்வாகத்தின் வழியே ஆவணங்களை அணுக வேண்டும்.

அவ்வாறு அணுகுபவருக்கு முதலில் தேவைப்படுவது பசலிக் கணக்கு. பசலி எண்ணுடன் 590ஐக் கூட்டினால், அவ்வாண்டு தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தொடக்கம் ஜூலை முதல் நாள். 1876–78 தாது வருடப் பஞ்சம் 1286, 1287ஆம் பசலிகளில் அடங்கும். அவ்விரு ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் ஒரே புல எண்ணில் ஒரே குடும்பப் பெயர் தொடர்கிறதா என்று பார்ப்பது, பஞ்சம் அக்குடும்பத்தை என்ன செய்தது என்பதற்கான முதற்சான்று. பட்டா, சிட்டா, அடங்கல் என்னும் சொற்கள் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவாக இருப்பதால், எழுத்து மாறினாலும் ஆவணத்தின் அமைப்பு புரிந்துவிடும். கர்ணம் எழுதிய இக்கணக்கில் பயிர், பாசன ஆதாரம், பரப்பு ஆகியவை உண்டு. அக்கர்ணம் பதவி ஆந்திரத்தில் 1984இல் ஒழிக்கப்பட்டது.

ஆனால் ரயத்துவாரி முறையில் அரசு அறிய விரும்பியது தீர்வை செலுத்தியவரை மட்டுமே. ஏர் பிடித்த பண்ணையாளும், நாற்று நட்ட பெண்ணும் அக்கணக்கில் இல்லை. பட்டாதாரர் வீட்டுப் பெண்களுக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். பிரிவினைக்கு உட்படாத கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வழங்கும் சட்டத்தை ஆந்திரம் 1986இலும் தமிழ்நாடு 1989இலும்தான் இயற்றின. பட்டாவை மட்டும் நம்பி எழுதப்படும் குடும்ப வரலாறு, உழைத்தவர்களை விட்டுவிட்டு உடைமையாளரின் வரலாறாகவே முடியும்.

இதில் ஒரு முரண் உண்டு. உள்ளூர்க் கணக்கில் இடம்பெறாத கூலி உழவர் பலர், கடல் கடந்தபோது பதிவாகியுள்ளனர். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற சுமார் 1,52,000 பேரில் வட ஆர்க்காட்டினர் கணிசமானோர். அக்கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உடல் அடையாளம்கூடக் குறிக்கப்பட்டுள்ளன. சொந்த ஊரில் பெயரற்றிருந்தவர், மண்ணைவிட்டு நீங்கும்போதுதான் அரசின் கண்ணுக்குத் தெரிந்தார்.

ஊரிலேயே தங்கிவிட்ட நிலமற்றோருக்கு எஞ்சியுள்ள ஆவணம் மொழியே. வற்றாத பேராறு இல்லாத இம்மேட்டுநிலத்தில் ஏரியும் கிணறுமே வாழ்வாதாரம். தமிழில் கவலை எனவும் தெலுங்கில் கபில எனவும் வழங்கும் மாட்டு இறைவை ஒன்றே. களம்–கல்லமு, எருது–எத்து, பயிர்–பைரு ஆகியவையும் அவ்வாறே. இலக்கியத் தமிழில் மட்டும் தங்கிவிட்ட நாஞ்சிலின் உறவுச்சொல்லான நாகலி, தெலுங்கு உழவர் நாவில் இன்றும் வழங்குகிறது. இருமொழி பேசும் ஒரு முதியவர் எதை எம்மொழியில் சொல்கிறார் என்பதைக் குறித்துவைத்தால், அக்குடும்பம் யாரோடு சேர்ந்து உழைத்தது, எந்த வேலையை யாரிடம் கற்றது என்பதற்கான தடயங்கள் கிடைக்கும். அது முடிந்த முடிபன்று. பிற சான்றுகளோடு ஒப்பிட்டே கொள்ளத்தக்கது.

மின்மோட்டார் வந்தபின் கவலை நின்றது. அதன் உறுப்புகளின் பெயர்களும் நாவைவிட்டு நீங்கி வருகின்றன. இளமையில் கவலை ஓட்டியவர்கள் இன்று முதுமையின் எல்லையில் இருக்கின்றனர். வருவாய்த்துறைக் காகிதங்கள் இன்னும் சில பத்தாண்டுகள் காத்திருக்கக்கூடும், அவர்களால் இயலாது. எனவே களப்பணியின் வரிசை தலைகீழாக அமைய வேண்டும்: முதலில் திண்ணை, பிறகு ஆவணக்காப்பகம்.