பெஞ்சும் பையனும்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு நான்தான் சட்டாம்பிள்ளை. ஏதோ பெரிய பதவி என்று எண்ணிவிட வேண்டாம். வாத்தியார் வெளியே போயிருக்கும் நேரத்தில் பேசுகிறவன் பெயரையும் அசைகிறவன் பெயரையும் கரும்பலகையில் எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். சம்பளம் இல்லாத அந்த உத்தியோகத்தை நான் மிகுந்த விசுவாசத்துடன் பார்த்து வந்தேன். தினந்தோறும் தவறாமல் ஒரு பையனுடைய பெயரை எழுதினேன். அவனுக்கு வகுப்பில் வழங்கிய பெயர் பம்பரம்.

பம்பரம் வம்புக்காரன் அல்ல. யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டான். அவனால் உட்கார முடியாது. குற்றம் அது ஒன்றே. ஐந்து பேர் உட்காரும் நீளப் பெஞ்சின் கோடியில் அவன் இருப்பான். அவன் கால் ஆடும். காலோடு பெஞ்சு ஆடும். பெஞ்சோடு மற்ற நால்வரும் ஆடுவார்கள். மைக்கூடு கவிழும். கணக்கைப் பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் பார்வை ஜன்னலுக்கு வெளியே புளியமரத்துக்குப் போய்விடும். "உன்னை ஆணி அடிச்சுத்தாண்டா உட்கார வைக்கணும்!" என்பார் வாத்தியார். ஒரு நாள் ஆணிக்குப் பதிலாகத் தம் மேல்துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் அவன் காலைப் பெஞ்சின் காலோடு சேர்த்துக் கட்டினேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பம்பரம் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கட்டிய காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வருஷப் பரீட்சையில் அவன் தேறவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவன் வரவும் இல்லை.

சென்ற வருஷம் பேரனை அழைத்து வருவதற்காக அவன் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வகுப்பில் ஒரு நாற்காலியின் முன்கால்கள் இரண்டுக்கும் குறுக்கே அகலமான ரப்பர்ப் பட்டை ஒன்று மாட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். "காலை ஆட்டாம இருக்க முடியாத குழந்தைக்கு, சார். பட்டையை உதைச்சுக்கிட்டே பாடம் கேட்கும். சத்தமும் வராது" என்றார் அந்த ஆசிரியை. எனக்குச் சுருக்கென்றது. நான் கட்டிய துண்டும் பெஞ்சின் காலில்தான் இருந்தது; இந்தப் பட்டையும் நாற்காலியின் காலில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே எவ்வளவு தூரம்! மனிதர்கள் அந்தத் தூரத்தை எப்படிக் கடந்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

கதை நம் சென்னையிலிருந்தே ஆரம்பிக்கிறது என்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு கிடையாது. பையன்கள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுதினார்கள். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தான். அது சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. கோதண்டம் போட்டுத் தொங்கவிட்ட கொடுமையும் அந்தத் திண்ணையில்தான் நடந்தது. 1789-ஆம் வருஷம் சென்னையில் ராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்காக ஏற்பட்ட விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றுக்கொண்டார். மணலில் எழுதும் நம் குழந்தைகளை அவர் பார்த்தார். மணலையும் சட்டாம்பிள்ளையையும் தம் பள்ளியில் புகுத்தினார். ஊர் திரும்பி 1797-இல் லண்டனில் இதைப்பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது.

ஏறக்குறைய அதே சமயத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஒரே கூடம், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே உபாத்தியாயர். இத்தனை பேரை ஒருவர் மேய்ப்பதென்றால் என்ன செய்வது? நீள நீளமாகப் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, எல்லார் முகமும் மேடையைப் பார்க்கும்படி உட்கார்த்தினார். சின்னஞ் சிறுசுகளுக்கு மட்டும் மணல் இருந்தது. சோம்பியிருந்தவன், பேசியவன் கழுத்தில் 4 முதல் 6 ராத்தல் எடையுள்ள ஒரு மரக்கட்டையை மாட்டினார்கள். கழுத்தைத் திருப்பினால் கட்டை சரியும். ஆகவே அசையாமல் இருக்க வேண்டும். அடிப்பதைக் காட்டிலும் இது கருணையான தண்டனை என்று லங்காஸ்டர் மனப்பூர்வமாக நம்பினார். நம் சட்டாம்பிள்ளை சென்னையிலிருந்து லண்டனுக்குப் போனான். பிற்பாடு இங்கிலீஷ்ப் பள்ளிக்கூடங்களோடு பெஞ்சு நம் ஊருக்கு வந்தது. பம்பரத்தின் காலில் நான் துண்டைக் கட்டியபோது, இந்தப் போக்குவரத்தெல்லாம் அந்த முடிச்சுக்குள் இருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு வைத்தியர்கள் பெஞ்சைக் கவனித்தார்கள். 1860-களில் பிரெஸ்லாவ் நகரத்தில் ஹெர்மன் கோன் என்ற கண் வைத்தியர் 10,060 மாணவர்களுடைய கண்களைச் சோதித்தார். வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வையும் ஏறுவதைக் கண்டு, மங்கிய வெளிச்சத்தையும் பொருந்தாத மேஜைகளையும் குற்றம் சாட்டினார். ஐரோப்பா முழுவதும் பையனுடைய உயரத்தை அளந்து மேஜை செய்யும் சாஸ்திரம் வளர்ந்தது. நல்ல காரியந்தான். ஆனால் விளைவைப் பாருங்கள்: ஆசனத்தையும் மேஜையையும் ஒன்றாகப் பூட்டித் தரையோடு தரையாக ஆணி அறைந்தார்கள். முதுகு நிமிர்ந்தது, பையன் முன்னைவிட இறுக்கமாகக் கட்டுண்டான்.

உட்கார முடியாத பையனை அந்த நூற்றாண்டு அறியாமல் இல்லை. பிராங்க்பர்ட் நகரத்து வைத்தியர் ஹைன்ரிக் ஹோப்மன் 1840-களில் குழந்தைகளுக்காக எழுதிய படக்கதைப் புத்தகத்தில் பிலிப் என்று ஒரு பையன் வருகிறான். சாப்பாட்டு மேஜையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி, கடைசியில் மேஜை விரிப்பையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். எல்லாரும் பிலிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். நாற்காலியைப் பார்த்தவர் யாருமில்லை.

நாற்காலியைப் பார்த்தவர் ஒரு பெண்மணி. மரியா மாண்டிசோரி வைத்தியம் படித்தவர். 1900-ஆம் வருஷம் ரோமாபுரியில், புத்தி குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளியில் வேலை பார்த்தார். அவர்கள் கைகளுக்கு வேலை கொடுத்தார். தொட்டும் நகர்த்தியும் எழுத்தைக் கற்பித்தார். அவர்களில் சிலர் மற்றக் குழந்தைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரார் இதை அதிசயம் என்றார்கள். மாண்டிசோரிக்கு வேறு ஒரு கேள்வி தோன்றியது: இவர்களே தேறுகிறார்கள் என்றால், குறை எதுவும் இல்லாத குழந்தைகள் இவ்வளவு மட்டமாக நிற்பது ஏன்? அவர்களை எது அமுக்கி வைத்திருக்கிறது?

1907 ஜனவரியில் ரோமாபுரியின் ஏழைகள் குடியிருந்த ஸான் லொரென்ஸோ பகுதியில் அவர் 'குழந்தைகளின் வீடு' ஒன்றைத் திறந்தார். ஆணி அடித்த மேஜைகளை விலக்கினார். நாலு வயதுக் குழந்தை தானே தூக்கி வைக்கும்படி லேசான சிறு மேஜைகள், சிறு நாற்காலிகள், கைக்கெட்டும் உயரத்தில் அலமாரிகள் செய்வித்தார். தரையில் விரிக்கப் பாயும் உண்டு. லேசான நாற்காலி தடுக்கி விழுந்து சத்தம் போடுமே என்று கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. விழட்டும், விழுந்த சத்தமே குழந்தைக்கு நிதானத்தைச் சொல்லிக் கொடுக்கும், ஆணி அடித்த மேஜை எதையும் சொல்லிக் கொடுக்காது என்பது அதன் சாரம்.

இந்த அம்மையார் 1939 நவம்பரில் நம் அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபையில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டதால் 1946 வரையில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கோடைக்கானலிலும் சில வருஷங்கள் வசித்தார். மணலில் விரலால் எழுதிய ஊருக்கு, உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவச் சொன்னவர் வந்து சேர்ந்தார்! தரையில் பாய் விரித்து உட்காருவதை நமக்கு அவர் கற்றுத்தர வேண்டியதில்லை. அதை நாமே மறந்து போயிருந்தோம் என்பதுதான் விஷயம்.

இதற்கு நேர் எதிரான வழியும் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் வில்லியம் க்ரூக்ஷாங்க் என்ற பேராசிரியர், கவனம் சிதறும் பிள்ளைகளுக்குக் கண்ணையும் காதையும் இழுப்பவை எவையும் கூடாது என்று எண்ணினார். 1961-இல் வெளிவந்த அவருடைய நூல் அந்தப் பரிசோதனையை விவரிக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று பக்கம் அடைத்த ஒரு தடுப்பறை, வெறுமையான சுவர், வெளியே தெரியாத ஜன்னல். நோக்கம் நல்லதே. சில குழந்தைகளுக்குச் சிறிது நேரம் அமைதியான மூலை வேண்டியிருப்பதும் உண்மை. ஆனால் அந்தத் தடுப்பறைகளில் கண்ட முன்னேற்றம் பின்னால் நிலைக்கவில்லை. நாள் முழுவதும் உட்கார வைத்தால் மூலை என்பது தண்டனை ஆகிவிட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

2015-இல் அமெரிக்காவின் மத்திய புளோரிடா சர்வகலாசாலையார் வெளியிட்ட ஆராய்ச்சியைப் படித்தபோதுதான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். 8 முதல் 12 வயதுப் பையன்களுக்கு, கேட்டதை மனத்தில் நிறுத்தி வரிசைப்படுத்திச் சொல்லும் வேலை கொடுத்தார்கள். கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள பையன்கள் அதிகமாக அசைந்தபோது அதிகம் சரியாகச் சொன்னார்கள். மற்றப் பையன்கள் அசைந்தபோது அவர்கள் விடை கெட்டது. பாடத்தைக் கேளாமல் பம்பரம் ஆடுகிறான் என்று நான் கரும்பலகையில் எழுதினேன். பாடத்தைக் கேட்பதற்காகவே அவன் ஆடியிருக்கலாம்.

ஆகவே ரப்பர்ப் பட்டை, அடிப்பாகம் உருண்டையான முக்காலி, காற்றடைத்த திண்டு, நின்றுகொண்டு எழுதும் உயர மேஜை ஆகியவை இன்று வந்திருக்கின்றன. எழுத்து தடுமாறும் குழந்தைக்குச் சரிவான பலகையும், தொங்கும் காலுக்கு ஒரு மணைக்கட்டையும் தருகிறார்கள். இவை சஞ்சீவி அல்ல. 2003-இல் ஒரு வகுப்பில் காற்றடைத்த பெரிய பந்துகளை ஆசனமாக்கிப் பார்த்தபோது மூன்று குழந்தைகளுக்கு எழுத்தும் இருப்பும் திருந்தின. பின்னால் நடந்த ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. ஒரு குழந்தைக்கு உதவுவது மற்றொன்றுக்குத் தொந்தரவு. ஆசனத்தைத் தேர்ந்தெடுக்குமுன் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வளவு சரித்திரமும் சொல்லும் பாடம்.

நம் மாநிலத்திலும் இதை உணர்ந்தவர்கள் உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 முதல் மாநிலம் எங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் குழந்தைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரின் அடிப்பக்கம் அவரவர் கைக்கெட்டக் கரும்பலகை அமைந்தது. அந்த முறை பிற்பாடு மாறிவிட்டது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டையும் கணக்கில் சேர்த்திருக்கிறது. சட்டம் வகுப்பறை வாசல் வரையில் வரும். பெஞ்சு வரையில் வாத்தியார்தான் வர வேண்டும்.

பம்பரத்தைப் பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு தடவை பார்த்தேன். பக்கத்து ஊர்க் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தான். நின்றபடியே சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கால் தரையில் தாளம் போட்டபடி இருந்தது. கண் மட்டும் சக்கரத்தை விட்டு இம்மி நகரவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து, "அடே, சட்டாம்பிள்ளை! வாடா" என்று சிரித்தான். தேநீர் வரவழைத்தான். துண்டைப்பற்றி அவனும் பேசவில்லை; நானும் பேசவில்லை. அவன் மறந்திருக்கலாம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கடையின் மூலையில் கிழிந்த ட்யூப்புகள் குவிந்து கிடந்தன. ஒரு ட்யூப்பை ஒரு சாண் அகலத்துக்குக் கூட வெட்ட வேண்டாம். நாலு விரல் அகலத்தில் வெட்டிப் பெஞ்சின் கால்களுக்கிடையே மாட்டியிருந்தால் போதும், அவனுக்கு உதைக்க ஒன்று கிடைத்திருக்கும். காலணாச் செலவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ரப்பர் இல்லாமல் போகவில்லை. அவனைப் பார்க்கும் கண்தான் இல்லை. என் கண்ணையும் சேர்த்தே சொல்கிறேன்.