நாலு மில்லிமீட்டருக்கு ஒரு அடி: களனிவெளிக் கோச்சியை மாடலாகச் செய்வது

இரத்தினபுரிக்கு ஒரு காலத்தில் ரயில் போனது என்று சொன்னால் எங்க வயசுப் பிள்ளைகளில் பாதிப் பேர் நம்பமாட்டாங்க. பெரியவங்களைக் கேட்டால் மட்டும் ‘ஓமோம், சின்னக் கோச்சி’ என்று உடனே வரும். அது நிறையப் பேருக்குத் தெரிந்த பெரிய பாதை ரயில் இல்லை. தண்டவாளங்களுக்கு இடையில் இரண்டரை அடிதான், அதாவது 762 மில்லிமீட்டர். கொழும்பு – கண்டி பாதையின் அகலம் ஐந்தரை அடி. அதில் பாதிகூட இல்லை.

இந்தச் சின்னக் கோச்சியை இன்னும் சின்னதாக, மேசையில் வைக்கிற அளவில், கையாலேயே செய்வதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கடையில் வாங்கும் ரெடிமேட் மாடல் இல்லை. மட்டை, தகடு, குடைக்கம்பி, பிவிசி குழாய் என்று கிடைக்கிறதை வைத்து, உண்மை வண்டியின் ஒவ்வொரு அளவையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, முதலில் இருந்து நாமே செய்வது. கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் வரலாறு படிக்கிற ஒருத்தர் இதில் கை வைத்தால், புத்தகம் கேட்காத கேள்விகளை அந்த மட்டை கேட்கும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பாதை எதற்காக வந்தது?

இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. அந்தப் பெரிய பாதை கோப்பிக்காகப் போடப்பட்டது. களனிவெளிக்கு அப்போது ரயில் வரவில்லை. யட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல பக்கத்துச் சாமான்கள் மாட்டு வண்டியிலும், களனி ஆற்றில் ஓலைக்கூரை போட்ட தோணியிலும் தான் கொழும்புக்கு இறங்கின. கோப்பி செத்து, தேயிலை வந்து, பின்னால் ரப்பரும் வந்தபோது துரைமாருக்கு இது போதவில்லை. அவங்க கேட்டாங்க, அரசாங்கம் போட்டது. அகலம் குறைந்த பாதைக்குச் செலவு குறைவு, மலையோரத்தில் கூர்மையாக வளைக்கவும் முடியும்.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக யட்டியாந்தோட்டைக்கு 1900களின் தொடக்கத்தில் பாதை திறந்தது. அவிசாவளையில் பிரிந்து எஹலியகொட, குருவிட்ட வழியாக இரத்தினபுரிக்கு 1912இல் போனது. அங்கிருந்து கஹவத்தையைத் தாண்டி ஓப்பநாயக்க வரை 1919இல் நீண்டது. ஸ்டேசன்களின் பெயரை வரிசையாகச் சொல்லிப் பாருங்க. இன்றைக்கும் தோட்டங்கள் நிறைந்திருக்கிற ஊர்களின் பட்டியல் அது.

விகிதம் என்ற கணக்கு

இந்தப் பாதையை மாடலாகச் செய்ய நல்ல வசதியான ஒரு விகிதம் இருக்கிறது. பிரித்தானிய மாடல்காரர்கள் பழக்கத்தில் வைத்திருப்பது: உண்மையில் ஒரு அடி என்றால் மாடலில் 4 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 1க்கு 76. இரண்டரை அடிப் பாதை இதில் சரியாக 10 மில்லிமீட்டராக வரும். ஆனால் கடையில் கிடைக்கும் சக்கரமும் தண்டவாளமும் 9 மில்லிமீட்டர். பெரும்பாலானோர் அதையே வைத்துச் சமாளிப்பாங்க. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோணும். திருப்பிப் பெருக்கினால் அது மூன்று அங்குலம். இரண்டே கால் அடிப் பாதையாகிவிடுகிறது. களனிவெளிதான் வேணும் என்று நிற்கிறவர் தண்டவாளத்தையும் தானே கட்டவேணும்.

எஞ்சினுக்கு வருவோம். களனிவெளியின் பேர்போன நீராவி எஞ்சின் ஜே1 வகுப்பு. முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் மறுபடி நாலு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், கடைசி ஸ்டேசனில் திருப்பாமலே பின்பக்கமாக ஓட்டி வரலாம். தண்ணீரைத் தனி வண்டியில் இழுக்காமல் தன் உடம்பிலேயே சுமந்தது. மாடலில் கொதிகலனுக்கு ஒரு குழாய்த் துண்டு போதும். தண்ணீர்த் தாங்கிக்கு மெல்லிய தகடு. அந்தத் தகட்டில் ஆணித்தலைகள் வேணும் என்றால், பின்பக்கமாக மொட்டை ஊசியால் ஒவ்வொன்றாக அழுத்தவேணும். முன்பக்கம் சின்னப் புள்ளிகளாக எழும்பும். ஒரு பக்கத்தை முடிக்க ஒரு பின்னேரம் போகும்.

ஆனாலும் எஞ்சின் செய்வது ஒரு விதத்தில் லேசு. எஞ்சின் செய்த கம்பனிகள் வரைபடம் வைத்திருந்தன. ரயில்வேயில் வேலை செய்த ஜி. எஃப். பெரேரா 1925லேயே இலங்கை ரயில்வேயின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிவிட்டார். இந்தப் பாதையில் ஓடிய, எஞ்சினும் பயணிகள் பெட்டியும் ஒன்றாகவே இருக்கிற சென்டினல் நீராவி வண்டி ஒன்றை ஓடுகிற நிலையிலேயே பாதுகாத்து வைத்திருக்கிறாங்க. 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் தேசிய ரயில் அருங்காட்சியகமும் திறந்தது. எஞ்சினுக்கு நினைவு இருக்கிறது.

பெட்டிக்கு வரும்போது

பிரச்சினை பின்னால் வரும் பெட்டிகளில். படம் எடுத்தவர்கள் எஞ்சினுக்கு முன்னால்தான் நின்றாங்க. சாமான் பெட்டியின் கதவு எவ்வளவு அகலம், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் வாங்கு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, இதையெல்லாம் படத்தில் தேடினால் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு இருக்கும்.

நானும் ஹொஸ்டல் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஒரு சாமான் பெட்டியை மட்டையில் செய்ய உட்கார்ந்தோம். கதவை வெட்டும் முன்னால் ஒரு கேள்வி வந்தது: இதுக்குள்ள என்ன ஏத்தினாங்க? தேயிலைப் பெட்டி. வழக்கமான அளவுகளில் ஒன்று 19 அங்குலச் சதுரமும் 24 அங்குல உயரமும். எங்க விகிதத்தில் 6 மில்லிமீட்டர் சொச்சம், உயரம் 8. அப்ப கதவு வழியாக எத்தனை போகும்? யார் தூக்கினாங்க? ஒருத்தரா இரண்டு பேரா? ரப்பர் தோட்டத்தில் என்றால் புகைபோட்ட சீட்டு ரப்பர் கட்டு. திரும்பி வரும்போது பெட்டி வெறுமனே வந்ததா? இல்லை. தோட்டத்துக்கு அரிசி வந்தது. அந்த அரிசியைத் தொழிலாளிக்கு அளந்து கொடுத்து, சம்பளத்தில் கழித்தாங்க. ஆக அந்த ஒரு பெட்டி இறங்கும்போது தோட்டத்தின் இலாபத்தையும், ஏறும்போது தொழிலாளியின் கடனையும் சுமந்திருக்கிறது. கதவின் அகலத்தைத் தேடப்போய் கிடைத்த விசயம் இது.

அடுத்தது ஆட்கள். 1914இல் தலைமன்னார் வரை ரயிலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் வந்த பிறகு, களனிவெளித் தோட்டங்களுக்கு ஆள்கட்டி வந்தவர்களுக்கு ரயில் வழி திறந்தது. மண்டபம் முகாம், கப்பல், பெரிய கோச்சி, பிறகு கொழும்பில் இறங்கி இந்தச் சின்னக் கோச்சி. அகலம் மாறுவதால் ஆளும் சாமானும் இறங்கி மாறித்தான் ஆகவேணும்.

ஐந்து அடி உயரமான ஒரு பெண் எங்க விகிதத்தில் 20 மில்லிமீட்டர். அவளை நிறுத்தப் பிளாட்போர்ம் செய்தால், அவள் போய்ச் சேரும் வீட்டையும் செய்யவேணுமே? லயத்துக் காம்பரா ஒன்று பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி. மாடலில் 40 மில்லிமீட்டருக்கு 48. ஒரு தீப்பெட்டியை மேசையில் படுக்க வையுங்க, ஏறத்தாழ அவ்வளவுதான். அதற்குள் 20 மில்லிமீட்டர் ஆட்களை ஐந்தாறு பேர் படுக்க வைத்துப் பாருங்க. லயத்தின் நெருக்கடியைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரை வாசித்திருக்கிறேன். பக்கத்தில் எஞ்சினை வைத்து, அதே விகிதத்தில் காம்பராவையும் பார்த்தபோதுதான் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தாங்க என்பது கண்ணில் பட்டது.

எதை விடுவது?

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்கு வீதியால் 40 கிலோமீட்டர் சொச்சம். அதை அப்படியே 1க்கு 76இல் செய்தால் மாடல் அரைக் கிலோமீட்டர் நீளம் வரும். யாரிடமும் அவ்வளவு பெரிய மேசை இல்லை. அதனால் மாடல்காரர் எல்லாரும் எதையாவது விட்டுத்தான் செய்வாங்க. ஸ்டேசன், பாலம், மலை, எஞ்சின் நிற்கும் கொட்டகை, இவை இருக்கும். லயம் விடுபடும், ரப்பர் மரம் வெறும் பச்சையாக நிற்கும், பால் வெட்டுகிற ஆள் இருக்கமாட்டார். வரலாறு எழுதுகிறவரும் இதையேதான் செய்கிறார். வித்தியாசம் என்னவென்றால், புத்தகத்தில் விட்டது கண்ணுக்குத் தெரியாது. மேசையில் விட்ட இடம் வெறும் பலகையாகத் தெரியும்.

இந்தப் பாதை விடுபட்ட கதையும் கொஞ்சம் சொல்லவேணும். யட்டியாந்தோட்டைப் பக்கம் உலகப் போர் நடுவில், 1942இலேயே மூடப்பட்டது. இரத்தினபுரிப் பக்கம் 1976இல் போனது. அந்த வருசங்களைக் கவனியுங்க. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. எழுபதுகளில் அது முழு வேகத்தில் நடந்தது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சட்டங்களோடு தோட்டங்கள் கைமாறின, நடுவில் பஞ்சமும் வந்தது. 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்முறை நடந்தது. இரும்பும் ஆட்களும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கழன்று போனாங்க. ரயிலை மூடியதற்கும் ஆட்களை அனுப்பியதற்கும் காரணம் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கோச்சியை நினைவு வைத்திருக்கக்கூடிய நிறையப் பேர், அது நின்ற காலத்தில் ஊரைவிட்டே போய்விட்டாங்க. நினைவு குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அவிசாவளை வரை மிஞ்சிய பகுதியைத் தொண்ணூறுகளில் பெரிய பாதையாக மாற்றினாங்க. பழைய வளைவுகள் அப்படியே இருப்பதால் ரயில் இன்றைக்கும் மெதுவாகத்தான் போகிறது. அதற்கு அப்பால் பழைய தடம் பல இடத்தில் வீதியாகவும் வீட்டு முற்றமாகவும் ஆகிவிட்டது.

இதே இரண்டரை அடி அகலத்தில், இதே காலத்தில், 1903இல் இந்தியாவில் கல்கா – சிம்லா பாதை திறந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்குத் தப்பி மலையேறிய பாதை அது. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியமாகியது. வேல்ஸில் இரண்டே கால் அடிப் பாதையான டலித்லின் ரயிலை 1951இல் சாதாரண ஆர்வலர்கள் தாங்களே எடுத்து ஓட்டத் தொடங்கினாங்க. நம்ம பாதை அரிசியும் ரப்பரும் கூலியாட்களும் ஏற்றியது. அதைக் காப்பாற்ற யாரும் வரவில்லை.

இரத்தினபுரிக்கு மறுபடி ரயில் விடும் பேச்சு அப்பப்ப வரும். அது வரட்டும். அதற்கு முன்னால் நம்மால் முடிந்தது ஒன்று இருக்கிறது. எஹலியகொட, குருவிட்ட, கஹவத்தை, தெஹியோவிட்ட பக்கம் இருக்கிறவங்க, ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் மிஞ்சியிருக்கும் பாலத்துக் கல்லையும் மதகையும் அளந்து எழுதுங்க. அப்பாயியோ தாத்தாவோ இருந்தால், கோச்சி எந்த நிறம், வாங்கு எப்படி இருந்தது, டிக்கட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேளுங்க. பெட்டிக்குள் சாக்குத் தூக்கியவர் யாராவது இருந்தால் கதவு அவருடைய தோளுக்கு எந்த உயரம் என்று கேளுங்க. அந்த ஒரு பதில் போதும். மீதியை நாலால் பெருக்கி மட்டையில் வெட்டிக்கொள்ளலாம்.